தி மோர் தி மெரியர் (1943): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பியா நிறுவனம் 1943ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி மோர் தி மெரியர்’ 104 நிமிடங்கள் ஓடும் கறுப்பு வெள்ளைக் காதல் நகைச்சுவைப் படம். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கினார்; ஜீன் ஆர்தர், ஜோயல் மெக்ரியா, சார்லஸ் கோபர்ன் ஆகியோர் நடித்தனர். பழைய ஹாலிவுட் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள்கூடத் தவறவிடும் இப்படத்தைப் பற்றி எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. முடிவு உட்படக் கதை முழுவதும் பேசப்படுவதால், படத்தை முதலில் பார்த்துவிட விரும்புபவர்கள் முதல் இரண்டு பதில்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படம் எதைப் பற்றியது?

ஒண்டிக்குடித்தனத்தைப் பற்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் கானி மில்லிகன், போர்க்காலத்தில் தன்னால் இயன்ற பங்காகத் தன் சிறிய வீட்டில் பாதியை உள்வாடகைக்கு விடுவதாக விளம்பரம் கொடுக்கிறாள். அவள் எதிர்பார்ப்பது ஒரு பெண்ணை. வந்து சேர்பவரோ பெஞ்சமின் டிங்கிள் என்னும் ஓய்வுபெற்ற கோடீஸ்வரக் கிழவர். வீட்டு வசதித் தட்டுப்பாடு குறித்து அரசுக்கு ஆலோசனை சொல்ல வந்திருக்கும் அவருக்கே விடுதியில் இன்னும் இரண்டு நாள்களுக்கு அறை இல்லை என்பதிலிருந்து படத்தின் குறும்பு தொடங்குகிறது. வாசலில் காத்திருப்பவர்களிடம் தாமே வீட்டுக்காரர் போல ‘இடம் போய்விட்டது’ என்று சொல்லி அனுப்பிவிட்டு, கானி மறுக்க மறுக்கப் பேசியே உள்ளே குடியேறிவிடுகிறார்.

மறுநாள் அவர் செய்யும் காரியம் இன்னும் பெரியது. தமக்குக் கிடைத்த பாதியில் பாதியை, வெளிநாட்டுப் போர்முனைக்கு அனுப்பப்படக் காத்திருக்கும் ஜோ கார்ட்டர் என்ற ராணுவ சார்ஜன்ட்டுக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறார். தோளில் ஒரு விமான விசிறியைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறான் ஜோ. உண்மை தெரிந்து கானி இருவரையும் வெளியேறச் சொல்கிறாள்; ஆனால் அவர்கள் கொடுத்த வாடகைப் பணத்தை அவள் ஏற்கெனவே செலவழித்துவிட்டாள்.

வாஷிங்டனில் உண்மையிலேயே அப்படியொரு இட நெருக்கடி இருந்ததா?

இருந்தது. 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் நகரின் மக்கள்தொகை 6,63,091, 1950இல் 8,02,178. இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் நடுவில்தான் போர் வந்து போனது. புதிது புதிதாக முளைத்த அரசுத் துறைகளில் தட்டச்சு செய்யவும் கோப்புகளைப் பராமரிக்கவும் நாடெங்கிலுமிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். ஒரே அறையில் பலர் தங்கினார்கள். அவர்களுக்காகவே ஆற்றுக்கு அப்பால் ஆர்லிங்டனில் தற்காலிக விடுதிகளை அரசு கட்ட நேர்ந்தது. இராணுவத் தலைமையகமான பென்டகன் கட்டப்பட்டதும் 1941க்கும் 1943க்கும் இடைப்பட்ட இதே காலத்தில்தான்.

தொடக்கக் காட்சியில் சுற்றுலாப் படங்களின் பாணியில் ஒரு குரல் நகரின் அழகையும் விருந்தோம்பலையும் மெச்சிக்கொண்டே போக, திரையில் நெரிசலும் ‘இடமில்லை’ பலகைகளும் வருகின்றன. ஓர் ஆணுக்கு எட்டுப் பெண்கள் என்று படத்தில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு நகைச்சுவைக்காக ஊதிப் பெரிதாக்கப்பட்டது. ஆனால் ஆண்கள் போருக்குப் போய்ப் பெண்கள் வேலைக்கு வந்த நகரம் என்பது கற்பனை அல்ல. இதே நெருக்கடியை வைத்து ‘ஸ்டாண்டிங் ரூம் ஒன்லி’, ‘தி டோகேர்ல்ஸ்’ ஆகிய படங்கள் 1944இல் வெளிவந்தன என்பதிலிருந்தே அன்றைய பார்வையாளர்களுக்கு இது எவ்வளவு பழகிய தொல்லையாக இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

தலைப்புக்கு என்ன பொருள்?

அது ஆங்கிலத்தில் வழங்கும் பழைய சொலவடை. கூட்டம் கூடக் கூடக் கொண்டாட்டம் என்று தமிழில் சொல்லலாம்.

காதல் கதை என்கிறீர்கள்; கிழவர்தான் நாயகனா?

முதல் அரைமணி நேரம் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும், அதில் பெரிய தவறும் இல்லை. கானிக்கு ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை சார்லஸ் பெண்டர்காஸ்ட் ஒரு அரசு அதிகாரி. நிச்சயமாகி 22 மாதங்கள் ஆகியும் கல்யாணத் தேதியைப் பற்றி வாய் திறக்காதவர். காதலை நம்பி மணந்த தன் தாயின் வாழ்க்கை பத்திரமில்லாமல் போனதைப் பார்த்து வளர்ந்தவள் கானி. ஆகவே நிலையான வேலையும் சீரான நடத்தையும் உள்ள ஒருவரே போதும் என்று முடிவுசெய்து வைத்திருக்கிறாள். அலுவல் விருந்து ஒன்றில் பெண்டர்காஸ்ட்டைச் சந்திக்கும் டிங்கிளுக்கு இது பொருந்தாத சம்பந்தம் என்பது சட்டென்று விளங்கிவிடுகிறது. அதன்பிறகு படம் முழுவதும் அவர் செய்வது தரகு வேலை.

தரகு என்றால் நாசூக்கானது அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864ஆம் ஆண்டு மோபில் விரிகுடாச் சண்டையின்போது, ‘டார்பிடோவாவது ஒன்றாவது, முழு வேகத்தில் முன்னேறுங்கள்’ என்ற பொருளில் கடற்படைத் தலைவர் ஃபாரகட் சொன்னதாக வழங்கும் கட்டளைதான் டிங்கிளின் தாரக மந்திரம். வாஷிங்டனில் ஃபாரகட்டின் சிலை நிற்கிறது. அதைப் பார்த்த நொடியிலிருந்து கிழவர் அந்த வாக்கியத்தை விடுவதில்லை. (அந்தக் காலத்தில் டார்பிடோ என்றால் பாய்ந்து வரும் ஏவுகணை அல்ல, நீரில் மிதக்கவிடப்பட்ட கண்ணி. கண்ணி இருப்பது தெரிந்தே காலை வைக்கும் கிழவருக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதைக் கவனிக்க வேண்டும்.) கானியின் நாட்குறிப்பை எடுத்து ஜோவுக்கு உரக்கப் படித்துக் காட்டும் அளவுக்குப் போகிறார், பிடிபட்டதும் பழி முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டு வெளியேறுகிறார். அவர் வெளியேறுவதால் வீட்டில் மீதியிருப்பவர்கள் இருவர் மட்டுமே. அந்த வெளியேற்றமும் தரகில் சேர்த்திதானா என்பதைப் பார்ப்பவர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

எல்லோரும் குறிப்பிடும் அந்தக் காலைநேரக் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டு பேருக்கு ஒரு குளியலறை என்பதால், கானி நிமிடக் கணக்கில் ஒரு கால அட்டவணை தயாரிக்கிறாள். யார் எப்போது குளிப்பது, யார் எப்போது காபி போடுவது, யார் கதவுக்கு வெளியே கிடக்கும் செய்தித்தாளை எடுத்துவருவது என்பதையெல்லாம் வீட்டின் வரைபடம் போட்டு விளக்குகிறாள். டிங்கிள் பணிவாகத் தலையாட்டுகிறார். மறுநாள் காலை அட்டவணை ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றும் சில வினாடிகள் தவறிப்போகிறது: கிழவர் வாசலுக்கு வெளியே மாட்டிக்கொள்கிறார், கால்சட்டையைக் காணாமல் தவிக்கிறார், அவளோ தன் பங்கு வேலைகளைக் கடிகாரம் போல முடித்துக்கொண்டே போகிறாள்.

இதில் வசனம் மிகக் குறைவு. ஸ்டீவன்ஸ் தம் தொழிலை ஹால் ரோச் நிறுவனத்தில் லாரல், ஹார்டி இரட்டையரின் குறும்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்து கற்றவர் என்பது தெரிந்தால் இக்காட்சியின் பிறப்பிடம் புரிந்துவிடும். அந்தக் குறும்படங்களில் ஓர் அற்பமான தவறு அவசரமில்லாமல், படிப்படியாக, பெரும் நாசமாக வளரும். இங்கும் அதே நிதானம். மற்ற இயக்குநர்களாக இருந்தால் வேகமாக வெட்டி வெட்டிக் காட்டியிருப்பார்கள். ஸ்டீவன்ஸோ ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் செல்லும் கிழவரை நாம் முழுமையாகப் பார்க்கும்படி விட்டுவைக்கிறார். பிறகு ஜோ வந்து சேர்ந்ததும், அவனும் கானியும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே அந்தச் சின்னஞ்சிறு வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடக்க, இருவரையும் சந்திக்கவிடாமல் டிங்கிள் படும் பாடு இன்னும் நுட்பமானது.

படத்தின் மிகச் சிறந்த காட்சி எது?

என் கணக்கில் வாசற்படிக் காட்சிதான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

இரவு விருந்து முடிந்து ஜோவும் கானியும் வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். போய்ச் சேர வேறு இடமில்லாத காதலர்கள் தெருவெங்கும் அணைத்தபடி நிற்கும் கோடைக்கால இரவு. இவர்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்கிறார்கள். கானி பெண்டர்காஸ்ட்டின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருக்கிறாள்: அவருடைய முதிர்ச்சி, அவர் கொடுத்த மோதிரம், நிச்சயமான பெண்ணுக்கு இருக்க வேண்டிய பொறுப்பு. ஜோவின் கைகள் அதைக் கேட்பதாக இல்லை. தோளில் ஒரு கை, அவள் அதை விலக்குகிறாள், கழுத்தருகே, அதையும் விலக்குகிறாள், இடுப்பில். அவள் பேச்சு நிற்கவில்லை; ஆனால் வாக்கியங்கள் நடுவில் மூச்சு வாங்குகின்றன, சொல்ல வந்தது மறந்துபோகிறது, சொன்னதையே மறுபடி சொல்கிறாள். மோதிரத்தை அவன் கண்முன் நீட்டிக் காட்டுகிறாள். அவன் அந்தக் கையையும் பிடித்துக்கொள்கிறான். கடைசியில் அவன் முத்தமிட, ஒரு கணம் திகைத்து, அவன் முகத்தைத் தன் இரு கைகளாலும் பற்றி அவளே திரும்ப முத்தமிடுகிறாள். உடனே எழுந்து, ‘இரவு வணக்கம்’ என்று மரியாதை பிசகாமல் விடைபெறுகிறாள். அவனும் விடைபெற்று நடக்கத் தொடங்கிய பிறகுதான் தன் குடியிருப்பும் அதே வீட்டில்தான் என்பது அவனுக்கு நினைவு வருகிறது.

அவளுக்கு வேண்டாம் என்றால் எழுந்து உள்ளே போயிருக்கலாம். வீடு நாலு படி தூரத்தில் இருக்கிறது. அவள் போகவில்லை என்பதை நாம் ஒவ்வொரு வினாடியும் அறிந்திருக்குமாறு நடித்திருக்கிறார் ஜீன் ஆர்தர். வாய் ஒரு வழக்கை நடத்த, உடம்பு அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும் இந்தக் காட்சியின் சிரிப்பும் தாபமும் வேறு வேறாகப் பிரிக்க முடியாதவை.

அந்தக் காலத் தணிக்கை விதிகளை மீறி இதையெல்லாம் எப்படிக் காட்டினார்கள்?

மீறவில்லை. 1934 முதல் ஜோசஃப் பிரீன் தலைமையில் கறாராக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு விதிகளின்படி மணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே படுக்கையில் இருப்பதைக் காட்ட வழியில்லை. வாசற்படிக் காட்சிக்குப் பிறகு ஜோவும் கானியும் அவரவர் அறையில் அவரவர் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மெல்லிய சுவர். ஒளிப்பதிவாளர் டெட் டெட்ஸ்லாஃப்பின் கேமரா ஜன்னல்களுக்கு வெளியே நின்று இரண்டு அறைகளையும் ஒருசேரப் பார்க்கிறது. நடுவில் நிற்கும் சுவர் ஒரு கோடாகச் சுருங்கிவிட, இருவரும் ஒரே கட்டிலில் அருகருகே படுத்துப் பேசுவது போலத் தெரிகிறது. சுவர் வழியாகவே அவன் காதலைச் சொல்கிறான். அவளும் ஒப்புக்கொள்கிறாள், ஆனால் அவன் ஆப்பிரிக்காவுக்குப் போகப்போகிறவன் என்பதால் மணக்க மறுக்கிறாள்.

விதி எழுத்தளவில் காப்பாற்றப்பட்டது. இடப்பற்றாக்குறை கட்டிய சுவரைத் தணிக்கை கேட்ட சுவராகவும் பயன்படுத்திக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. முடிவில் அந்தச் சுவருக்கு என்ன ஆகிறது என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

முடிவு குழப்பமாக இருக்கிறதே. ஏன் அவசர அவசரமாகக் கல்யாணம்?

சுவர்வழிப் பேச்சின் நடுவே கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் இருவர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். தொல்லை கொடுத்த பக்கத்து வீட்டுப் பையனை விரட்டுவதற்காகத் தான் ஜப்பானிய உளவாளி என்று ஜோ முன்பு விளையாட்டாகச் சொல்லியிருந்தான். பையன் அதை மேலிடத்துக்கே தெரிவித்துவிட்டான். விசாரணையில், நற்சான்று சொல்ல வந்த பெண்டர்காஸ்ட்டுக்குக் கானியும் ஜோவும் ஒரே முகவரியில் வசிப்பது தெரியவருகிறது. இவர்களோடு டாக்சியில் ஏறியிருந்த ஒரு பத்திரிகையாளரின் காதிலும் விழுந்துவிடுகிறது. செய்தி வந்தால் மானம் போய்விடும். ஆகவே மணந்துகொண்டு பிறகு ரத்து செய்துவிடலாம் என்று டிங்கிள் யோசனை சொல்கிறார். இருவரும் வேறு மாநிலத்துக்குப் பறந்து மணம் முடித்துத் திரும்புகிறார்கள்.

மறுநாள் ஜோ போருக்குப் புறப்பட வேண்டும். அவரவர் அறைக்குப் போய், கானி உரக்க விம்மி அழுகிறாள். வழக்கம்போலச் சுவர் வழியாகப் பேசத் தொடங்கியவர்கள் சற்றுநேரம் கழித்தே சுவர் அங்கே இல்லை என்பதைக் கவனிக்கிறார்கள். இவர்கள் ஊரில் இல்லாத நேரத்தில் டிங்கிள் அதை இடித்து எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார். வெளியே வாசலில் பெயர்ச்சீட்டை மாற்றிக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

புலனாய்வுத் துறை வருவதிலிருந்து கல்யாணம் வரையிலான பகுதி தொய்வடைகிறது என்ற குறை நியாயமானது. டாக்சிக் காட்சியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். முன்பகுதியின் நிதானம் அங்கே காணாமல் போகிறது. சுவர் இல்லாத அந்தக் கடைசி நிமிடங்கள் அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகின்றன.

இன்று பார்க்கும்போது உறுத்தும் விஷயங்கள் உண்டா?

உண்டு. ஜப்பானிய உளவாளி என்பது இங்கே வெறும் சிரிப்புக்கான சாக்கு. ஆனால் படம் வெளியான 1943இல், முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர், பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்கள், முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். வெள்ளைக்கார சார்ஜன்ட் மீது வந்த சந்தேகம் ஒரே இரவில் தீர்ந்துபோவதைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது. நாட்குறிப்பைப் படிப்பதைப் படமே தவறு என்று காட்டுகிறது; ஆகவே அது அவ்வளவாக உறுத்துவதில்லை.

நடிகர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?

ஜீன் ஆர்தர் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். இருபதுகளில் இருக்கும் பெண்ணாக நடித்தபோது அவருக்கு வயது 42 என்பதைத் திரையில் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய பெரிய சொத்து குரல். கீச்சென்றும் கரகரவென்றும் ஒரே வாக்கியத்துக்குள் மாறிவிடும். புகழ் வெளிச்சத்தை அறவே வெறுத்தவர். கதையையும் திரைக்கதையையும் எழுதியவர்களில் ஒருவரான ஃபிராங்க் ராஸ் அப்போது அவருடைய கணவர். திரைக்கதையில் கார்சன் கேனினுக்கும் பங்குண்டு, ஆனால் திரையில் அவர் பெயர் வராது.

ஜோயல் மெக்ரியா அலட்டிக்கொள்ளாத நடிகர். அதனாலேயே குறைத்து மதிப்பிடப்பட்டவர். இப்படத்தில் அவர் பேசுவது கொஞ்சம், கேட்பது அதிகம்.

ஜார்ஜியா மாநிலத்துக்காரரான சார்லஸ் கோபர்ன் 1877இல் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியை நாடக மேடையில் கழித்துவிட்டு, மனைவி 1937இல் இறந்த பிறகே திரைப்படத்துக்கு முழுமையாக வந்தார். ஜீன் ஆர்தரோடு அவர் ஏற்கெனவே ‘தி டெவில் அண்ட் மிஸ் ஜோன்ஸ்’ (1941) படத்தில் நடித்திருந்தார், அங்கும் கோடீஸ்வரர்தான்.

விருதுகள் கிடைத்தனவா?

சிறந்த படம், இயக்குநர், நடிகை, துணை நடிகர், மூலக்கதை, திரைக்கதை என ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. ஜீன் ஆர்தர் வாழ்நாளில் பெற்ற ஒரே பரிந்துரை இதுதான். வென்றவர் கோபர்ன் மட்டும். 1944 மார்ச் 2 அன்று நடந்த அந்த விழாவில்தான் துணை நடிகர்களுக்கு முதன்முறையாக முழு அளவுச் சிலை வழங்கப்பட்டது. அதுவரை அவர்களுக்குப் பட்டயம்தான். நியூயார்க் விமர்சகர் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த இயக்குநராக ஸ்டீவன்ஸைத் தேர்ந்தெடுத்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் பரவலாகத் தெரியவில்லை?

அந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது ‘காசாபிளாங்கா’. அதே போரை, அதே பிரிவை, மறக்க முடியாத வசனங்களோடு சொன்ன படத்தின் நிழலில் இது ஒதுங்கிப்போனதில் வியப்பில்லை. ஜீன் ஆர்தரும் அடுத்த ஆண்டே கொலம்பியா ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஏறத்தாழத் திரையைவிட்டே விலகினார்; கடைசியாக நடித்தது ஸ்டீவன்ஸ் இயக்கிய ‘ஷேன்’ (1953).

இயக்குநரும் இந்த வகையைக் கைவிட்டுவிட்டார். இப்படத்தை முடித்த கையோடு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஸ்டீவன்ஸ், நார்மண்டியில் படைகள் இறங்கியதையும் பாரிஸ் விடுதலையானதையும் தம் குழுவோடு படமாக்கினார். 1945இல் டாஹாவ் வதைமுகாமுக்குள் கேமராவோடு நுழைந்தார். அவருடைய குழு பதிவுசெய்த காட்சிகள் நியூரம்பர்க் விசாரணையில் சாட்சியமாகக் காட்டப்பட்டன. திரும்பி வந்த பிறகு ‘எ பிளேஸ் இன் தி சன்’, ‘ஜயண்ட்’, ‘தி டைரி ஆஃப் ஆன் ஃபிராங்க்’ போன்ற கனமான படங்களே அவர் கையிலிருந்து வந்தன.

இதன் மறு ஆக்கத்தைப் பார்க்கலாமா?

‘வாக், டோன்ட் ரன்’ (1966) என்ற பெயரில் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. போருக்குப் பதில் 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டி. ஊர் நிரம்பி வழிவதற்கு அது காரணம். கிழவர் வேடத்தில் கேரி கிராண்ட், ஜோடியாகச் சமந்தா எகரும் ஜிம் ஹட்டனும். கேரி கிராண்ட் நடித்த கடைசிப் படம் என்பதற்காகவும், ஆயுள் முழுதும் நாயகியைக் கைப்பிடித்தவர் இங்கே இளையவர்களைச் சேர்த்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அழகுக்காகவும் பார்க்கலாம். ஆனால் போட்டி முடிந்ததும் எல்லோரும் ஊர் திரும்பிவிடப்போகிறார்கள்; யாரும் போர்முனைக்குப் போகவில்லை. அதனால் 1943ஆம் ஆண்டுப் படத்தை முதலில் பார்த்துவிட்டு, சில வாரங்கள் கழித்து இதற்கு வருவது நல்லது.